மூவாயிரம் வருடத்து எக்காளமும் இருபதாம் நூற்றாண்டு மவுத்பீஸும்

1939-ம் வருடம் ஏப்ரல் 16-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எகிப்தின் கெய்ரோ அருங்காட்சியகத்தில் ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்கு எல்லாம் தயார். மைக் முன்னால் நிற்பவர் பிரிட்டிஷ் ராணுவத்தின் 11-வது ஹுஸார் படைப்பிரிவைச் சேர்ந்த ஜேம்ஸ் டாப்பர்ன் என்ற பேண்ட் வாத்தியக்காரர். அவர் ஊதப்போவது அவருடைய சொந்த டிரம்பெட்டை அல்ல. மூவாயிரம் வருடங்களுக்கு மேல் மண்ணுக்கடியில் கிடந்த இரண்டு எக்காளங்களை! துட்டன்காமன் என்ற இளம் மன்னனின் கல்லறையில் கிடைத்தவை அவை. ஒன்று வெள்ளி, இன்னொன்று செம்பு.

ஒலிபரப்பு தொடங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது விளக்குகள் அணைந்துபோனதாக, நிகழ்ச்சியை நடத்திய ரெக்ஸ் கீட்டிங் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எப்படியோ சமாளித்து நிகழ்ச்சி ஆரம்பமானது. பி.பி.சி. வழியாக உலகமெங்கும் அந்த ஓசை போனது. சுமார் 15 கோடிப் பேர் கேட்டிருப்பார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த ஒலிப்பதிவு பத்திரமாக இருக்கிறது, இணையத்தில் தேடினால் யாரும் கேட்கலாம்.

கேட்பவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். "அடேயப்பா, துட்டன்காமன் காதில் விழுந்த அதே ஓசை!" என்று தோன்றும். ஆனால் அது உண்மையிலேயே அதே ஓசைதானா? பாதிதான் என்பது சரியான பதில். மீதிப் பாதி ஒரு சின்ன உலோகத் துண்டுக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் மவுத்பீஸ்.

(இந்தக் கட்டுரை முழுக்க, பழங்கால நேர்க்குழாயை எக்காளம் என்றும், இன்றைய பேண்ட் வாத்தியத்தை டிரம்பெட் என்றும் வைத்துக்கொள்வோம். குழப்பம் இருக்காது.)

கல்லறையில் கிடைத்தவை

1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர், லக்ஸர் நகருக்கு எதிரே நைல் நதியின் மேற்குக் கரையில் உள்ள மன்னர்களின் பள்ளத்தாக்கில் துட்டன்காமனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். உள்ளே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வெளியே எடுத்து முடிக்கவே ஏறக்குறைய 10 வருடங்கள் ஆயின. தங்க முகமூடியைத்தான் எல்லோருக்கும் தெரியும். எக்காளங்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

வெள்ளி எக்காளம் சுமார் 58 சென்டிமீட்டர் நீளம். மன்னனின் உடல் வைத்திருந்த அறையில் கிடைத்தது. மற்றொன்று சுமார் 50 சென்டிமீட்டர், வெளி அறையில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. அதைச் செம்பு என்று சிலர் எழுதுகிறார்கள், வெண்கலம் என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டின் வாய்ப்பகுதியிலும் அமுன், ரே, தா ஆகிய தெய்வங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இந்தத் தெய்வங்களின் பெயர்களைத் தாங்கிய படைப்பிரிவுகள் எகிப்திய ராணுவத்தில் இருந்ததால், எக்காளங்கள் ராணுவத்தோடு சம்பந்தப்பட்டவை என்று அறிஞர்கள் முடிவு செய்தார்கள். அந்தக் காலத்துச் சுவர்ச் சிற்பங்களிலும் வீரர்களுக்கு முன்னால் எக்காளம் ஊதுகிறவர்களைப் பார்க்கலாம்.

ஒவ்வொரு எக்காளத்துக்குள்ளும் அதே வடிவத்தில் வண்ணம் தீட்டிய ஒரு மரக் கட்டை இருந்தது. மெல்லிய தகடு நசுங்காமல் இருக்க அதைச் செருகி வைப்பார்கள். ஊதும்போது கட்டையை வெளியே எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்வார்கள் போலிருக்கிறது, சில சிற்பங்களில் அப்படித்தான் காட்சி. இவ்வளவு கவனமாகக் கட்டை செய்து வைத்தவர்கள் ஒன்றை மட்டும் வைக்கவில்லை. தனியாகக் கழற்றி மாட்டும் மவுத்பீஸ் அந்தக் கல்லறையில் இல்லை. காரணம் எளிது. அந்த வாத்தியத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. குழாயின் முனையைச் சுற்றி ஒரு வளையம், அவ்வளவுதான். அதில் உதட்டை வைத்து ஊத வேண்டும்.

உதடு, குழாய், நடுவில் ஒரு கிண்ணம்

டிரம்பெட் எப்படிச் சத்தம் போடுகிறது? நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது. டிரம்பெட்டில் சீவாளி கிடையாது, ஊதுகிறவரின் உதடுகளே அதன் வேலையைச் செய்கின்றன. உதடுகளை இறுக்கிக் காற்றைத் தள்ளினால் அவை படபடவென்று அதிரும். அந்த அதிர்வைக் குழாய்க்குள் இருக்கும் காற்று வாங்கிக்கொண்டு, தனக்குப் பிடித்த சில சுருதிகளை மட்டும் பெரிதாக்கும்.

இந்தப் "பிடித்த சுருதிகளை" ஒரு ஏணியின் படிகள் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். குழாய் நீளமாக இருந்தால் படிகள் நெருக்கமாக இருக்கும், குட்டையாக இருந்தால் படிகளுக்கு நடுவே பெரிய இடைவெளி. இன்றைய சாதாரண டிரம்பெட்டின் குழாயை நீட்டிப் பார்த்தால் சுமார் 148 சென்டிமீட்டர். சுருட்டி மடக்கி வைத்திருப்பதால்தான் கைக்கு அடக்கமாகத் தெரிகிறது. 18-ம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஊதிய, வால்வு இல்லாத டிரம்பெட்டின் குழாய் இரண்டு மீட்டருக்கும் மேல். படிகள் நெருங்கி இருந்ததால் வால்வே இல்லாமல் உச்சத்தில் முழுப் பாட்டையும் வாசித்தார்கள்.

துட்டன்காமனின் எக்காளமோ அரை மீட்டர் சொச்சம்தான். அதில் எட்டக்கூடிய படிகள் இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை. கீழ்ச்சுருதி கரகரவென்று இருக்கும். நடுச்சுருதி கணீரென்று இருக்கும். அதற்கு மேலே போக உதட்டைப் பிழிய வேண்டும். இந்த எக்காளங்களை ஆராய்ந்து 1946-ல் நூல் எழுதிய ஹான்ஸ் ஹிக்மனும் சரி, 1970-களில் எழுதிய ஜெரமி மாண்டகுவும் சரி, இதை மெல்லிசை வாசிக்கும் கருவியாகப் பார்க்கவில்லை. ஒரே சுருதியை நீட்டியும் குறுக்கியும் ஊதி, தாளத்தால் செய்தி சொல்கிற கருவி. "புறப்படு", "நில்", "திரும்பு" என்று ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் கட்டளை போடும் கருவி.

சரி, இதில் மவுத்பீஸ் எங்கே வருகிறது?

இன்றைய மவுத்பீஸ் ஒரு குட்டிக் கிண்ணம். மேலே உதடு வைக்க வட்டமான விளிம்பு. உள்ளே சுமார் 16, 17 மில்லிமீட்டர் அகலமுள்ள குழி. குழியின் அடியில் 3.5 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் ஒரு சின்னத் துளை. அதற்குப் பிறகு மெதுவாக விரியும் ஒரு குழல், அதைத்தான் டிரம்பெட்டுக்குள் செருகுகிறார்கள். இந்தக் கிண்ணமும் துளையும் சேர்ந்து தனியாக ஒரு சுருதியில் ஒலிக்கக்கூடியவை. மவுத்பீஸைக் கையில் பிடித்து அதன் வாயை உள்ளங்கையால் "டப்" என்று தட்டினால் அந்தச் சுருதி கேட்கும். அதன் அக்கம்பக்கத்தில் வரும் சுருதிகளுக்கெல்லாம் கூடுதல் பலம் கிடைக்கும். மேல் படிகளை எட்டிப் பிடிப்பதும் சுலபமாகும்.

கிண்ணத்தின் ஆழத்தை மாற்றினால் போதும், ஓசையின் குணமே மாறும். ஆழம் குறைந்தால் பளிச்சென்று, கூர்மையாக, கொஞ்சம் கத்துகிற மாதிரி இருக்கும். ஆழம் கூடினால் மெத்தென்று, இருண்டு, சாந்தமாக இருக்கும். ஃப்ளூகல்ஹார்னின் ஓசை அத்தனை மென்மையாக இருப்பதற்கு அதன் ஆழமான மவுத்பீஸும் ஒரு காரணம்.

இதை வைத்தே பெரிய வியாபாரம் நடத்தியவர் வின்சென்ட் பாக். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்கா போன டிரம்பெட் கலைஞர். அவருடைய மவுத்பீஸைச் சீர்செய்யக் கொடுத்த இடத்தில் அதைக் கெடுத்துவிட்டார்கள். அதற்கு ஈடாக இன்னொன்று கிடைக்காமல் தவித்தவர், 1918-ல் நியூயார்க்கில் தானே செய்ய ஆரம்பித்தார். டிரம்பெட் செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான், 1924-ல். அவர் மவுத்பீஸ்களுக்கு எண்ணும் எழுத்தும் போட்டார். எண் குறைந்தால் கிண்ணம் அகலம். எழுத்து ஏ என்றால் ஆழம், ஈ என்றால் ஆழமில்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு டிரம்பெட்டோடு சேர்ந்து வரும் "7சி" என்ற மவுத்பீஸ் அந்தக் கணக்கில் வந்ததுதான். ஒரு கலைஞன் டிரம்பெட் கெட்டால் வேறு வாங்கிக்கொள்வான், மவுத்பீஸ் கெட்டால் தொழிலையே மாற்றிவிடுவான் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா!

கெய்ரோவில் நடந்தது

இப்போது மறுபடி 1939-க்கு வருவோம்.

டாப்பர்ன் நல்ல வாசிப்பாளர். ஆனால் அவர் பழகியது கிண்ணமும் விளிம்பும் உள்ள மவுத்பீஸில். வெறும் வளையத்தில் உதடு வைத்து ஊதிப் பழக்கம் இருந்திருக்காது. எனவே எக்காளங்களின் முனையில் நவீன மவுத்பீஸைச் செருகினார்கள்.

இதற்குக் கொடுத்த விலை சாதாரணமானதல்ல. ஒலிபரப்புக்கு முன்பு நடந்த ஒத்திகையில் வெள்ளி எக்காளம் உடைந்துபோனது! மவுத்பீஸை அழுத்திச் செருகியதுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. யோசித்துப் பாருங்கள். மெல்லிய வெள்ளித் தகடு. வெள்ளி பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் இருந்தால் வளையும் தன்மையை இழந்து முறுக்கு மாதிரி நொறுங்கக்கூடியதாகிவிடும். அதற்குள் ஒரு உறுதியான உலோக ஆப்பைத் திணித்தால் என்ன ஆகும்? மூவாயிரம் வருடம் திருடர்களுக்கும் காலத்துக்கும் தப்பிய பொருள், சில நொடி ஆசைக்குத் தப்பவில்லை. கார்ட்டரோடு அந்தக் கல்லறையில் வேலை செய்த வேதியியல் நிபுணர் ஆல்ஃபிரட் லூகாஸ்தான் அதைச் சரி செய்து கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஒலிபரப்பு நடந்தது.

அந்த ஒலிப்பதிவில் வெள்ளி எக்காளத்தின் ஓசை இனிமையாக இருக்கிறது. செம்பு எக்காளம் கொஞ்சம் முரடாகப் பேசுகிறது. டாப்பர்ன் தன் ராணுவப் பழக்கத்தில், இன்றைய பியூகிள் அழைப்பு மாதிரி, படி விட்டுப் படி தாவி ஊதுகிறார். கேட்க அருமையாக இருக்கிறது. அங்கேதான் சிக்கலும்.

பொருளாதாரப் பாடத்தில் தேவை விதியைப் படித்தவர்களுக்கு ஒரு வாசகம் நினைவிருக்கும்: "மற்றவை மாறாதிருக்கும்போது". விலை குறைந்தால் தேவை கூடும், ஆனால் வருமானம், ரசனை எல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நாலு விஷயம் மாறினால் எதனால் எது நடந்தது என்று சொல்ல முடியாது. வாத்தியங்களை ஒப்பிடுவதற்கும் இதே விதிதான். இரண்டு டிரம்பெட்களை ஒப்பிட வேண்டுமா? ஒரே ஆள், ஒரே அறை, ஒரே மவுத்பீஸ். இரண்டு மவுத்பீஸ்களை ஒப்பிட வேண்டுமா? டிரம்பெட் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் கெய்ரோ ஒலிபரப்பை வைத்துப் பார்ப்போம். பழைய ஓசையோடு ஒப்பிட்டால் குழாய் மட்டும்தான் அதே குழாய். மவுத்பீஸ் மாறிவிட்டது. ஊதும் முறை மாறிவிட்டது. ஊதிய ராகமும் மாறிவிட்டது. கிண்ணம் சேர்ந்ததால் கரகரப்பு குறைந்தது, மேல் படிகள் கைக்கு எட்டின, குழாயின் நீளமே கொஞ்சம் கூடியது. எகிப்திய வீரன் சிரமப்பட்டு எட்டும் அல்லது எட்டவே முயலாத சுருதியை, டாப்பர்ன் சுலபமாகத் தொட்டார். 15 கோடிப் பேர் கேட்டது, பழைய குழாய்க்குள் நுழைந்த இருபதாம் நூற்றாண்டு ராணுவ பேண்டின் குரல்.

வெள்ளியா, செம்பா?

"வெள்ளி என்பதால் இனிமை, செம்பு என்பதால் முரடு" என்று பலர் எழுதுகிறார்கள். இதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வெள்ளி எக்காளம் மற்றதைவிடச் சுமார் 8 சென்டிமீட்டர் நீளம் அதிகம். குழாயின் விரிவும் வேறு. ஊதும் கருவிகளில் சத்தம் போடுவது உள்ளே இருக்கும் காற்று, சுவர் இல்லை. உலோகத்தைவிட உள்வடிவமே அதிகம் தீர்மானிக்கிறது என்பதில் இயற்பியல்காரர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். அதே அளவில், அதே வடிவில் ஒன்றை வெள்ளியிலும் ஒன்றைச் செம்பிலும் செய்து ஊதினால்தான் உலோகத்தைப் பற்றிப் பேச முடியும். துட்டன்காமனின் இரண்டு எக்காளங்களும் அந்த ஒப்பீட்டுக்கு உதவாது.

பழைய எக்காளத்தின் உண்மையான குரல் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. கிரேக்க எழுத்தாளர் புளூடார்க், எகிப்தின் பூசிரிஸ், லைக்கோபோலிஸ் ஊர்க்காரர்கள் எக்காளமே ஊதமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். காரணம், அதன் சத்தம் கழுதை கத்துவது போல இருந்ததாம்! கழுதை அவர்களுக்குத் தீய தெய்வத்தின் மிருகம். புளூடார்க் துட்டன்காமனுக்கு ஆயிரத்து நானூறு வருடம் பிந்தியவர், எனவே அவர் சொன்னது இதே எக்காளத்தைப் பற்றி அல்ல. ஆனாலும் மவுத்பீஸ் இல்லாமல் ஊதுகிற நேர்க்குழாயின் கரகரப்போடு கழுதை உவமை நன்றாகவே பொருந்துகிறது. ரேடியோவில் வந்த ஓசைக்கு அந்த உவமை யாருக்கும் தோன்றாது.

பாக்கின் பெயரில் நடந்தது

இப்படி ஏமாந்தது கெய்ரோவில் மட்டும் அல்ல. ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் (மவுத்பீஸ் பாக் வேறு, இவர் வேறு) டிரம்பெட்டுக்கு மிக உச்சமான பகுதிகளை எழுதினார். லைப்சிக்கில் அவற்றை ஊதியவர் கோட்ஃப்ரீட் ரைக்க, 1734-ல் இறந்தார். அடுத்த தலைமுறைகளில் அந்த வித்தை மெல்ல மறைந்தது. 1818-ல் ஜெர்மனியில் வால்வுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு டிரம்பெட்டே வேறு பாதையில் போய்விட்டது.

1885-ல், பாக் பிறந்த 200-வது ஆண்டில், பெர்லினைச் சேர்ந்த யூலியஸ் கோஸ்லெக் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நீண்ட நேர்க்குழாய் ஒன்றை ஊதினார். கூட்டம் அசந்துபோனது. "பாக் டிரம்பெட் திரும்பி வந்துவிட்டது!" என்று பேச்சு. உண்மையில் அதில் இரண்டு வால்வுகள் இருந்தன. குழாயும் பழைய டிரம்பெட்டைவிட மிகவும் குட்டை. நேராக இருந்ததால் பழசு என்று மக்கள் நம்பினார்கள், ஆனால் பாக் காலத்து டிரம்பெட் மடித்த குழாய்! கண் பார்த்ததைக் காது நம்பிய கதை.

வால்வு இல்லாத நீளக் குழாய் பிறகு உண்மையிலேயே திரும்பி வந்தது. 1960-களிலிருந்து, சுருதி பிசகாமல் இருக்கக் குழாயில் சின்னத் துளைகள் போட்டார்கள். இன்றும் சிலர் துளை இல்லாமல், பழைய பாணி மவுத்பீஸோடு ஊதுகிறார்கள். அந்தப் பழைய மவுத்பீஸின் விளிம்பு தட்டையாக இருக்கும், அடித்துளையின் ஓரம் கூர்மையாக இருக்கும். எது மாறியது, எது மாறவில்லை என்பதை இப்போதைய கலைஞர்கள் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். அதுதான் நேர்மை.

சாபமாம் சாபம்!

துட்டன்காமன் என்றாலே சாபக் கதை இல்லாமல் முடியுமா? எக்காளத்தை ஊதிய ஐந்து மாதங்களுக்குள் இரண்டாம் உலகப் போர் வெடித்தது, அதனால் இது போரை அழைக்கும் எக்காளம் என்று ஒரு கதை. 2011-ல் எகிப்தியப் புரட்சிக்குச் சில நாள் முன்பும் யாரோ ஊதினார்கள் என்று இன்னொரு கதை.

ஹிட்லரின் படை பிராக் நகருக்குள் நுழைந்தது 1939 மார்ச்சில், அதாவது ஒலிபரப்புக்கு ஒரு மாதம் முன்பே. 2011-க்கான பொறி துனிசியாவில் விழுந்தது 2010 டிசம்பரில். எக்காளம் பாவம், அதற்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

ஆனால் 2011-ல் நிஜமாகவே ஒரு ஆபத்து வந்தது. ஜனவரி 28-ம் தேதி கெய்ரோ அருங்காட்சியகத்துக்குள் கொள்ளையர்கள் புகுந்தபோது, காணாமல் போன பொருட்களில் செம்பு எக்காளமும் ஒன்று. ஏப்ரலில் கெய்ரோ மெட்ரோவில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பைக்குள் மற்ற சில பொருட்களோடு அது கிடைத்தது. நல்ல வேளை, பெரிய சேதம் இல்லை. ஆக, இரண்டு எக்காளங்களும் ஒவ்வொரு முறை சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியிருக்கின்றன. ஒன்று திருடர்களால், மற்றொன்று ரசிகர்களால்.

இனி அவற்றை யாரும் ஊதக்கூடாது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அளவுகள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. அதே அளவில் நகல் செய்து, கிண்ணம் எதுவும் மாட்டாமல், வெறும் வளையத்தில் உதடு வைத்து ஊதிப் பார்க்கலாம். உடைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம். அதில் வரும் ஓசை கரகரவென்று இருக்கும், ஒரே சுருதியில் நிற்கும், ரேடியோவில் போட்டால் யாருக்கும் சிலிர்க்காது. ஆனால் பாலைவனத்தில் வரிசையாக நின்ற வீரர்களை ஒரு காலத்தில் நடக்க வைத்த ஓசைக்கு அதுதான் பக்கத்தில் நிற்கும்.

1939 ஒலிப்பதிவைக் கேட்கவே வேண்டாம் என்பதல்ல. தாராளமாகக் கேளுங்கள். கேட்கும்போது குழாய்க்குத் துட்டன்காமனையும், மவுத்பீஸுக்கு டாப்பர்னையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஊதிய ஓசை அது.